எஸ்பிஎம்மா ஐஜிசிஎஸ்இயா: இரண்டையும் வீட்டில் பார்த்த ஒரு அம்மா எழுதுவது

என் மகள் தமிழ்ப்பள்ளி முடித்து, அரசாங்க இடைநிலைப்பள்ளியில் படித்து, எஸ்பிஎம் எழுதினாள், அதாவது மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வு. அவளுக்கு இளையவன் மூன்றாம் படிவத்தோடு அரசாங்கப் பள்ளியை விட்டு வெளியே வந்து, கிள்ளானில் ஒரு சின்னக் கற்றல் மையத்தில் சேர்ந்து, அனைத்துலகப் பள்ளிகளில் எழுதும் கேம்பிரிட்ஜ் தேர்வான ஐஜிசிஎஸ்இ எழுதினான். அதனால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யார் வீட்டுப் பிள்ளை மூன்றாம் படிவத்துக்கு வந்தாலும் "அக்கா, எதில் போடலாம்?" என்று எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, இந்தத் தடவை மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எது தரமானது, எது கஷ்டம் என்கிற சண்டையில் எனக்கு அக்கறை கிடையாது. இரண்டையும் ஒழுங்காகப் படித்து எழுதிய பிள்ளைகள் இரண்டிலும் நன்றாகத்தான் வந்திருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. தேர்வு முடிந்த பிறகு பிள்ளை எந்த விண்ணப்பத்தை நிரப்பப் போகிறது, அந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஓரமாகத் தூக்கி வைத்துவிடுவார்கள், அதை முதலில் பாருங்கள். அங்கேயிருந்து பின்னோக்கி வந்தால் பள்ளி எது என்பது பாதி தானாகத் தெரிந்துவிடும். நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். பள்ளியின் திறந்தவெளி நாளுக்குப் போய், குளிர்சாதன வகுப்பறையையும் நீச்சல் குளத்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டுப் பிள்ளைகள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பை 2012இல் அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகு அந்தப் பள்ளிகள் பெருகிவிட்டன, நம் ஆட்களுக்கும் கை எட்டும் தூரத்தில் வந்துவிட்டன, அதுவும் ஒரு காரணம்.

மகளின் கதையைச் சீக்கிரம் சொல்கிறேன். எஸ்பிஎம்மில் அவளுக்கு ஏ கொஞ்சம், பி கொஞ்சம். அரசாங்கம் நடத்தும் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பித்தோம், கிடைக்கவில்லை, மேல்முறையீடும் செய்தோம், அதுவும் வரவில்லை. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா (மலாய்க்காரர்கள், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்குப் பத்து விழுக்காடு இடம்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 2024இல் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இன வேறுபாடில்லாமல் இடம் என்று பிரதமர் அறிவித்தார், ஆனால் பத்து ஏ எடுக்காத பிள்ளைகள்தானே நம் வீடுகளில் அதிகம். சரி என்று ஆறாம் படிவத்தில் சேர்த்தோம், அரசாங்கப் பள்ளியிலேயே தொடரும் பல்கலைக்கழக முன்படிப்பு அது. ஆறாம் படிவம் என்றாலே நம் உறவுக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், "இன்னுமா சீருடை போட்டுக்கொண்டு போகிறாள்?" என்று என் நாத்தனாரே கேட்டார். மூன்று பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு, கடைசியில் 4.00க்கு இத்தனை என்று ஒரு சராசரி. கஷ்டமான படிப்புதான், மறைக்கவில்லை. ஆனால் எங்களுக்குச் செலவு என்று பார்த்தால் பஸ் காசும் புத்தகமும் கொஞ்சம் டியூஷனும். ஆறாம் படிவத் தேர்வான அந்த எஸ்டிபிஎம்மை வைத்து, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யூபியூ வழியாக விண்ணப்பித்து சபாவில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. யூபியூவில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு, அதாவது பிள்ளைகள் சொல்லும் கொகோ மதிப்பெண். சனிக்கிழமை காலையில் செயிண்ட் ஜான் அணிவகுப்புக்கு எழுப்பிவிடும்போது அவள் திட்டிக்கொண்டே போவாள், அந்த மதிப்பெண் கடைசியில் கைகொடுத்தது.

இந்த வழி முழுக்க எஸ்பிஎம் கையில் இருப்பவர்களுக்குத்தான். இதைத்தான் யாரும் சேர்க்கும்போது சொல்வதில்லை. ஐஜிசிஎஸ்இ மட்டும் வைத்திருக்கும் பிள்ளை அரசாங்கப் பள்ளியின் ஆறாம் படிவத்தில் போய் உட்கார முடியாது. நாட்டிலேயே மலிவான பல்கலைக்கழக முன்படிப்பு அதுதான், அதன் கதவு மூடிக்கொள்கிறது. மெட்ரிகுலேஷனும் அப்படியே. ஐஜிசிஎஸ்இக்கு அடுத்து வரும் ஏ-லெவல் என்ற பிரிட்டிஷ் முன்படிப்பை முடித்துவிட்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு முயலவே முடியாதா என்றால் அப்படியில்லை, ஆனால் அங்கேயும் எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

மலாய் கிரெடிட் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கிரெடிட் என்றால் சி-யும் அதற்கு மேலும். அரசாங்க வேலைக்கு அது வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு மலாய் மட்டும் போதாது, வரலாறும் கேட்பார்கள். வக்கீலாகப் பதிய மலாய்மொழித் தகுதி காட்டவேண்டும், எஸ்பிஎம்மில் அது இல்லாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டியிருக்கும். அனைத்துலகப் பள்ளியில் மலாய் சொல்லிக்கொடுக்கிறார்களே என்பார்கள். சொல்லிக்கொடுக்கிறார்கள், ஐஜிசிஎஸ்இயிலும் மலாய் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்பிஎம் மலாய்தான் கணக்கு. பதினைந்து வயதுப் பிள்ளை "நான் எதற்கு அரசாங்க வேலைக்குப் போகப்போகிறேன்" என்று சொல்லும். சொல்லட்டும். இருபத்தைந்து வயதில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை தேடும்போதோ பள்ளியில் ஆசிரியராக நினைக்கும்போதோ தாள் இல்லை என்றால் பதில் சொல்ல ஆளில்லை.

அதனால் மகனை மாற்றுவதற்கு முன்பே வீட்டில் ஒரு நிபந்தனை போட்டோம்: ஐஜிசிஎஸ்இ எழுது, ஆனால் எஸ்பிஎம் மலாயும் செஜாராவும் (வரலாறும்) தனியாகப் பதிந்து எழுதவேண்டும். செஜாரா ஏன் என்றால், 2013இலிருந்து மலாயோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்பிஎம் சான்றிதழ். இரண்டையும் வைத்திருந்தால் பின்னால் மற்ற பாடங்களை எழுதிச் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கும். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. அவன் பள்ளியை விட்டு ஓடியதே பாதி செஜாராவுக்குப் பயந்துதான்.

அவனை ஏன் மாற்றினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின் எதற்கு மாற்றினீர்கள் என்று கேட்பீர்கள். படிக்காத பிள்ளை இல்லை. கையில் ஆங்கிலப் புத்தகம் இருந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். ஆனால் ஒப்பித்து எழுதுவதென்றால் கை ஓடாது, கூட்டமான வகுப்பில் ஒரு கேள்வி கேட்கக்கூட எழுந்திருக்கமாட்டான். இரண்டாம் படிவத்தில் ஆரம்பித்து காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவேயில்லை. அரசாங்கம் சும்மா கொடுப்பதை விட்டுவிட்டு மாதம் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் யாராவது கட்டுவார்களா என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் பிள்ளை தினமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது.

இரண்டு தேர்வும் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது வேறு வேறு. மகள் மலாய்க் கட்டுரைக்கு ஒரு நோட்டுப் புத்தகமே வைத்திருந்தாள், பழமொழிகளும் மரபுத்தொடர்களும் வரிசையாக, "பகாய் அவூர் டெங்ஙான் தெபிங்" என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் ஒற்றுமை என்று தலைப்பு வருமானால் இதைப் போடு என்று குறிப்பு. ஆற்றங்கரையும் மூங்கிலும் ஒன்றையொன்று தாங்குவதுபோல என்று அர்த்தம். அவள் இன்றைக்கும் மலாயில் பேசினால் ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவு சுத்தமாகப் பேசுவாள். மனப்பாடம் என்று நாம் கிண்டல் செய்கிறோம், மொழியில் அது வீண்போவதில்லை.

மகனுக்கு வந்த சிக்கல் வேறு மாதிரி. கேம்பிரிட்ஜ் இயற்பியலில் ஆறாவது தாள் என்று ஒன்று, ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் சோதனையைப் பற்றி எழுதும் தாள். "நீளத்தைத் துல்லியமாக அளக்க என்ன முன்னெச்சரிக்கை எடுப்பாய்?" என்பது போல ஒரு கேள்வி. இவன் "கவனமாக அளப்பேன்" என்று எழுதி வைத்தான். பயிற்சித் தாள் திருத்திய ஆசிரியை பெரிய முட்டை போட்டுவிட்டு, "கண்ணை அளவுகோலின் கோட்டுக்கு நேராக வைத்துப் படிப்பேன் என்று எழுதினால்தான் மதிப்பெண், கவனமாக என்பதற்குக் கிடையாது" என்று எழுதியிருந்தார். விடைத் திட்டம் என்பதை எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. பழைய கேள்வித்தாள்களும் விடைத் திட்டங்களும் இணையத்தில் கிடைக்கின்றன, காசு கட்டி டியூஷன் தேடுவதற்கு முன் அதை அச்செடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். இதில் மனப்பாடம் இல்லை என்று நினைத்துச் சேர்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள், இங்கேயும் ஒரு வகையான மனப்பாடம் இருக்கிறது, கேள்வியில் "காரணம் சொல்" என்றால் எத்தனை வரி, "குறிப்பிடு" என்றால் எத்தனை சொல் என்பது அதில் அடக்கம்.

இன்னொன்று, பெற்றோர் கட்டாயம் கேட்கவேண்டியது: பிள்ளையை எந்தப் பிரிவில் பதிகிறார்கள்? கணிதம், அறிவியல் போன்ற பாடங்களில் கோர் (அடிப்படை), எக்ஸ்டென்டெட் (விரிவானது) என்று இரண்டு உண்டு. கோரில் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி-க்கு மேல் வராது. மருத்துவம், மருந்தியல் என்று கனவு வைத்திருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம், மருத்துவத்துக்கு எஸ்பிஎம் ஆனாலும் ஐஜிசிஎஸ்இ ஆனாலும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்தோடு இன்னொரு பாடத்திலும் பி கேட்கிறார்கள். பலவீனமான பிள்ளையைத் தேர்ச்சி பெறவைக்க மையங்கள் கோரில் போட்டுவிடுவதுண்டு, கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டுக்குச் சொல்லாமல் செய்தால் தவறு. பதிவுத் தாளை வாங்கி ஒவ்வொரு பாடத்தையும் நீங்களே பாருங்கள்.

பதிவு என்றதும் நினைவுக்கு வருகிறது. கற்றல் மையங்கள் பலவும் தேர்வு மையங்கள் அல்ல. பிள்ளை படிப்பது ஓரிடம், எழுதுவது ஓரிடம். வேறு ஒரு பள்ளி மூலமாகவோ கோலாலம்பூரில் பிரிட்டிஷ் கவுன்சில் மூலமாகவோ பதிவார்கள். நாங்கள் முதலில் சேர்த்த மையத்தில் (பெயர் வேண்டாம்) "பதிந்தாச்சு, பதிந்தாச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடைசித் தேதி தாண்டிய பிறகு தாமதக் கட்டணம் கேட்டு பில் வந்தது. பாடத்துக்கே ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல், அதற்கு மேல் தாமதக் கட்டணம். மாதக் கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மையம் கல்வி அமைச்சில் பதிவு பெற்றதா என்றும் கேட்டுவிடுங்கள், மழுப்பினால் அதுவே பதில்.

தனியாக எஸ்பிஎம் எழுதிய அனுபவம் எங்களுக்கு ஒரு தனிக் கதை. பதிவை நாங்களே ஆன்லைனில் செய்து, தாள்களை எடுத்துக்கொண்டு கல்வி இலாகாவுக்கு ஒரு நடை போய்வந்தோம். கோவிட்டுக்குப் பிறகு சில ஆண்டுகள் எஸ்பிஎம் ஆண்டுத் தொடக்கத்துக்குத் தள்ளிப்போயிருந்தது, ஐஜிசிஎஸ்இ மே, ஜூனில். அதனால் எங்களுக்கு இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுந்தன. நீங்கள் திட்டமிடும் ஆண்டில் தேதிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, முடிந்தால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். தேர்வு மண்டபத்தில் பள்ளிச் சீருடையில்லாதவர்கள் வரிசையில் இவன் உட்கார்ந்தான். முன் மேசையில் முப்பது வயது இருக்கும் ஒருவர், தொழிற்சாலைச் சட்டையோடு, ஐ.சி.யை (அடையாள அட்டையை) மேசையில் வைத்துவிட்டு மலாய்த் தாளுக்காகக் காத்திருந்தாராம். இடைவேளையில் பேசியபோது, பதவி உயர்வுக்குக் கிரெடிட் கேட்கிறார்கள், இது மூன்றாவது முறை என்றாராம். நான் எவ்வளவு சொல்லியும் ஏறாதது அன்றைக்கு அவனுக்கு ஏறிவிட்டது. செஜாராவில் இவனுக்கு டி வந்தது, தேர்ச்சிதான், கிரெடிட் இல்லை. மலாயில் சி ப்ளஸ். எங்களுக்கு அது போதும்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கமுடியாது. மகள் எஸ்பிஎம்மில் தமிழும் தமிழ் இலக்கியமும் எடுத்தாள். பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தவேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது, அதை வைத்து எங்கள் பெற்றோர் சங்கத்தில் சிலர் கையெழுத்து வாங்கி ஓடித்தான் அந்த வகுப்பு நடந்தது. எஸ்பிஎம் பாடங்களைப் பத்தோடு நிறுத்தப் பார்த்தபோது இந்தச் சமூகம் 2009இல் போட்ட சத்தத்தில்தான் பன்னிரண்டு வரை எழுதலாம் என்று வந்தது, அதை இளைய பெற்றோர்கள் மறந்துவிட்டார்கள். மகன் போன மையத்தில் தமிழ் கிடையாது. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, இன்றைக்குத் தமிழ்ச் செய்தி அனுப்பினால் பதிலை ஆங்கில எழுத்தில் அடிக்கிறான். தமிழாசிரியர் ஆகவேண்டும் என்று பிள்ளைக்குத் துளி ஆசை இருந்தாலும் ஐஜிசிஎஸ்இ பேச்சையே எடுக்கவேண்டாம், அந்த வழி எஸ்பிஎம் தமிழ் வழியாகத்தான் போகிறது.

பணக் கணக்கை எல்லாரும் தப்பாகப் போடுகிறார்கள். இரண்டு வருடக் கட்டணத்தைக் கூட்டி, "முடியும், சமாளித்துவிடலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஏ-லெவலோ தனியார் பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் என்ற முன்படிப்போ காசுதான், பட்டப்படிப்பும் காசுதான். ஐஜிசிஎஸ்இ எழுதினால் ஒரு வருடம் மிச்சம் என்பார்கள், பதினாறு வயதில் எழுதிவிடலாம் என்பது உண்மை. மிச்சமான அந்த வருடம் எங்களுக்கு எஸ்பிஎம் மலாயிலும் செஜாராவிலும் கரைந்தது. உபகாரச் சம்பளத்தையும் பாருங்கள். ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) எஸ்பிஎம் முடிவை வைத்துக் கொடுக்கும் உபகாரச் சம்பளங்களுக்கு ஐஜிசிஎஸ்இ பிள்ளை போகமுடியாது. தனியார் பல்கலைக்கழகங்கள் எத்தனை ஏ என்று எண்ணிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கின்றன, எஸ்பிஎம்முக்கு ஒரு அட்டவணை, ஓ-லெவலுக்கு (ஐஜிசிஎஸ்இயும் அதில்தான்) ஒரு அட்டவணை. ஆறு பாடம் மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு எட்டு ஏ-க்கான கழிவு எப்படிக் கிடைக்கும்? பாடங்களின் எண்ணிக்கையை முடிவு செய்யும் முன்பே அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும், மகனுக்கு நாங்கள் எடுத்த முடிவு சரியானதுதான் என்று நினைக்கிறேன். வயிற்றுவலி போய்விட்டது. எட்டுப் பேர் இருந்த வகுப்பில் கேள்வி கேட்கப் பழகினான். பிடிக்காத பாடத்தில் விழுந்தபோது அந்த ஒரு பாடத்தை மட்டும் அக்டோபரில் மறுபடி எழுத முடிந்தது, அது ஐஜிசிஎஸ்இயில் உள்ள பெரிய வசதி. இப்போது ஃபவுண்டேஷன் படிக்கிறான், வீட்டுக்காரர் ஓவர்டைம் செய்கிறார். அனைத்துலகத் தேர்வு எழுதினால்தான் வெளிநாட்டுக்குப் போகலாம் என்று நினைத்துச் சேர்ப்பவர்களுக்கு மட்டும் என்னிடம் அனுதாபம் கிடையாது. எஸ்பிஎம் முடித்த பிள்ளை நேராக ஏ-லெவலில் சேரலாம், அங்கேயிருந்து லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போகலாம், எஸ்டிபிஎம்மை ஏற்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. எஸ்பிஎம்மிலிருந்து அந்தப் பக்கம் தாவுவது சுலபம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதுதான் கஷ்டம்.

போன வாரம் மூன்றாவது லோரோங்கில் (சந்தில்) இருக்கும் தங்கச்சி கேட்டது இதுதான்: மகள் நான்காம் படிவத்தில் பாதி ஆண்டு முடித்துவிட்டாள், பள்ளி பிடிக்கவில்லை என்கிறாள், இப்போது மாற்றலாமா? வேண்டாம் என்றேன். பாதியில் மாற்றினால் அங்கே பாடத்திட்டத்தை முதலிலிருந்து பிடிக்கவேண்டும், இங்கே படித்ததும் வீண். மாற்றுவதென்றால் மூன்றாம் படிவ முடிவில், அதுவும் பிள்ளைக்கு உண்மையிலேயே தேவை இருந்தால். இந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் பிடிக்காதது ஒரு ஆசிரியரும் இரண்டு தோழிகளும்தான், விசாரித்துப் பார்த்ததில் தெரிந்தது. வகுப்பை மாற்றித் தரும்படி ஜி.பி.கே.யை (துணைத் தலைமையாசிரியரை) போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். எஸ்பிஎம்மை முடிக்கட்டும், அப்புறம் ஏ-லெவலா ஆறாம் படிவமா என்று உட்கார்ந்து பேசலாம், மலாய்க்கும் செஜாராவுக்கும் டியூஷன் யாரிடம் என்று கேட்டாள், நம்பர் அனுப்பிவிட்டேன்.